வாய் இறுக்காத தோட்டா

தோட்டா செய்வதில் அலபாமாவிலேயே தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது என் அப்பா ஹார்லனின் நினைப்பு. எங்கள் மான் வேட்டை முகாமில் எல்லாரும் சுடுவது அவர் கையால் மருந்து நிரப்பிய தோட்டாக்களைத்தான். ஆனால் குண்டைப் பொருத்தியபின் பித்தளைக் கூட்டின் வாயை நெரித்து இறுக்க மட்டும் மாட்டார். இறுக்கினால் குறி அலையும் என்பது அவர் கட்சி.

என் கணவன் ராய்ஸுக்கு முகாமில் அது முதல் வருஷம். சீசன் முடிவில் எல்லாரும் தலையாட்டினால்தான் நிரந்தர இடம். அதற்காக விறகு வெட்டினான், கக்கூஸ் கழுவினான், அப்பாவின் ஊசிப்போன ஜோக்குகளுக்கெல்லாம் சிரித்தான். அவனிடம் இருந்தது, ஒவ்வொரு தடவை சுட்டதும் அடியிலுள்ள பிடியை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றும் லீவர் துப்பாக்கி. அதில் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். சாப்பாட்டு மேஜையில், வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் கேட்டுவிட்டான்.

"மாமா, இதுல வாய் இறுக்கலையே. ஒண்ணு வெடிக்கிற அதிர்ச்சியில மத்த குண்டெல்லாம் கூட்டுக்குள்ள போயிடாதா?"

அப்பா பிஸ்கட் ரொட்டியை கிரேவியில் புரட்டிக்கொண்டே சொன்னார். "நீ பால் குடிச்சிட்டிருந்தப்பவே நான் தோட்டா செஞ்சவன் மாப்ள. பயமா இருந்தா சொல்லு, ஒவ்வொண்ணுக்கும் டயப்பர் கட்டி விடறேன்."

மேஜையே சிரித்தது. அதிலிருந்து ராய்ஸுக்கு டயப்பர் என்று பெயர்.

மறுநாள் காலை சதுப்பு ஓரமாக நல்ல கொம்புள்ள மான் ஒன்று அவன் முன்னால் வந்தது. முதல் குண்டு வயிற்றில் பாய்ந்தது. அடுத்ததைச் சுட லீவரை இழுத்தான், பாதியில் சிக்கிக்கொண்டது. மான் குடலை இழுத்துக்கொண்டே நாணலுக்குள் போனது. அது கத்தியது முகாம் சமையலறையில் இருந்த எனக்கே கேட்டது. பொழுது சாயும்வரை தேடியும் கிடைக்கவில்லை.

அப்பா துப்பாக்கியை வாங்கிக் கத்தியால் நெம்பினார். சிக்கிய தோட்டா வெளியே விழுந்தது. எடுத்துப் பார்த்தார், பையில் போட்டுக்கொண்டார். பயத்தில் லீவரை முழுசாக இழுக்கவில்லை, வேறொன்றுமில்லை என்று எல்லாரிடமும் சொன்னார். மானைக் கோட்டைவிட்டவனின் சட்டையின் பின் கீழ்ப்பகுதியை அறுத்துச் சுவரில் அடிப்பது எங்கள் வழக்கம். அதே கத்தியால் ராய்ஸின் சட்டையை அறுத்து, 'டயப்பர்' என்று எழுதி அடித்தார். சீசன் முடிவில் ஒரு தலைகூட ஆடவில்லை.

அப்பாவின் துணியைத் துவைக்கும்போது அந்தத் தோட்டா என் கைக்கு வந்தது. குண்டு கழுத்துவரை கூட்டுக்குள் இறங்கி, தோட்டா குட்டையாகியிருந்தது; லீவர் சிக்கியது அதனால்தான். அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இது வெளிய தெரிஞ்சா எவன் என் தோட்டாவைத் தொடுவான்? அவன் சின்னவன், தாங்கிக்குவான்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ராய்ஸிடம் சொன்னேன். மாமாவைப் பகைத்தால் ஆயுசுக்கும் இடம் கிடைக்காது, பேசாமல் இரு என்று கெஞ்சினான்.

அடுத்த வருஷமும் விறகு வெட்டப் போனான். அப்பா பெட்டிகளை விநியோகித்தார். ஒவ்வொரு தோட்டாவின் வாயிலும் நெரித்து இறுக்கிய வளையம். எல்லாரும் பார்த்துவிட்டுப் பெட்டியைப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள். என்னால் பொறுக்க முடியவில்லை. நான் எடுத்து வைத்திருந்த பழைய தோட்டாவை மேஜையில் வைத்து நடந்ததையெல்லாம் கொட்டிவிட்டேன். அப்பாவின் கூட்டாளி வெர்னல் அதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அப்பாவைப் பார்த்தார்.

"சரி, தோட்டா என் தப்புதான்" என்றார் அப்பா. "மொத குண்டை வயித்துல விட்டது யாரு, டயப்பர்?"

மறுபடியும் மேஜையே சிரித்தது. ராய்ஸும் சிரித்தான், எல்லாரையும்விட உரக்க. சிரித்துக்கொண்டே என் முன்னாலிருந்த தோட்டாவை எடுத்து அடுப்புச் சாம்பல் வாளியில் போட்டான்.

சீசன் முடியும்வரை காத்திராமல் அன்றே அவனுக்கு இடம் கொடுத்தார்கள். அப்பாவைக்கூட ஒருநாள் மன்னித்துவிடுவேன். ராய்ஸின் அந்தச் சிரிப்போடுதான் தினமும் ஒரே கட்டிலில் படுக்கிறேன்.