ஹெக்லிக்குப் பச்சை ஆகாது

வட இங்கிலாந்தின் ஹெக்லி ஊரில் பச்சை வண்ணம் அடித்த கதவு ஒன்றுகூடக் கிடையாது. பச்சைக் கார் கிடையாது. தேவாலயத்துப் புல்வெளியைக்கூட அரை மனதோடுதான் விட்டுவைத்திருக்கிறார்கள். மீன் வறுவல் கடையில் பட்டாணி மசியல் கேட்டால், கடைக்காரர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மீனுக்கு அடியில் ஒளித்துக் கொடுப்பார்.

காரணம் பெரிய ரகசியம் இல்லை. இரண்டரை மைல் தள்ளி, ஓடைக்கு அந்தப் பக்கம் பிர்க்ராய்ட் இருக்கிறது. பிர்க்ராய்ட் ரக்பி லீக் அணியின் சட்டை பச்சை. ஹெக்லியின் சட்டை நீலம். சுரங்கத்தை மூடினார்கள், நூலாலையை மூடினார்கள், ரயில் நிலையத்தையும் மூடினார்கள். இந்தப் பகையை மட்டும் எந்த அரசாங்கத்தாலும் மூட முடியவில்லை.

பிர்க்ராய்ட்காரர்களுக்கு ஹெக்லி வைத்த பெயர் தவளைகள். மைதானத்துக்குப் பின்னால், குப்பைத் தொட்டிகளுக்கு நடுவில், குனிந்து நுழையும்படி ஒரு சந்து வாசல் அவர்களுக்கென்றே உண்டு: தவளை வாசல். பச்சையாக எது வந்தாலும் அந்த வழிதான். முன் வாசலில் நாற்பத்தாறு வருடமாக நிற்கும் நார்மன் இபட்சன் அதில் துளியும் விட்டுக்கொடுக்க மாட்டார். ஒருமுறை ஆட்டத்தின் நடுவே ஒருவர் கால் முறிந்து கிடந்தபோது ஓடிவந்த ஆம்புலன்ஸ்காரர்களையே, சீருடை பச்சை என்று சொல்லிப் பின்பக்கம் அனுப்பிவைத்தார். கால் முறிந்து கிடந்தவர் நார்மனின் சொந்த மைத்துனர்.

இப்படிப்பட்ட ஊருக்குத்தான் க்ளெனிஸ் ஓல்ட்ராய்ட் ஒரு சர்வதேச ஆட்டத்தைக் கொண்டுவந்தாள்.

முப்பத்தோரு வருடம் ஐம்பத்திரண்டாம் எண் பேருந்தை ஓட்டி ஓய்வு பெற்றவள் அவள். இப்போது ரசிகர் சங்கத்தின் செயலாளர். ஆட்ட நாளில் ஒலிபெருக்கியில் பேசுவதும் அவள்தான்; அவள் குரலுக்கு ஒலிபெருக்கி என்பது சும்மா ஒரு மரியாதைக்கு. பேருந்து ஓட்டிய காலமெல்லாம் ஒரே பேச்சுதான் அவள் காதில் விழுந்துகொண்டிருந்தது: "ஹெக்லியா? அங்க என்ன இருக்கு, கண்ண மூடிட்டே தாண்டிடலாம்." அந்தப் பேச்சை ஒருநாள் அடைத்தே தீருவது என்று அவள் உள்ளுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தாள்.

ஆட்டக் கழகத்துக்குப் பதினேழு கடிதம் போட்டாள். பதினெட்டாவது வந்துவிடுமோ என்ற பயத்தில் அவர்கள் சம்மதித்தார்கள். அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை, பசிபிக் கடலின் குக் தீவுகள் அணிக்கும் ஃபிஜிக்கும் ஆட்டம். குக் தீவுக்காரர்கள் ஒரு வாரம் ஹெக்லியிலேயே தங்குவார்கள், ஊர்தான் அவர்களைத் தத்தெடுத்துக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை. பார்க்க வருபவர்கள் ஆறாயிரம் பேருக்குக் குறைந்தால் ஹெக்லிக்கு இனி சர்வதேச ஆட்டமே கிடையாது. வசந்தகாலத்தில் நடக்கப்போகும் இங்கிலாந்துப் பெண்கள் ஆட்டமும் வேறு மைதானத்துக்குப் போய்விடும். அந்த வேறு மைதானம் பிர்க்ராய்ட்.

க்ளெனிஸுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சங்கத்தின் பழைய அச்சு இயந்திரத்தில் சுவரொட்டி அடித்து, தூண், மரம், தபால்பெட்டி, அசையாமல் நின்ற இரண்டு கிழவர்கள் என்று எல்லாவற்றிலும் ஒட்டினாள். அந்த இயந்திரத்துக்குக் கறுப்பு மட்டும்தான் தெரியும். அதனால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. மூன்று வாரம் இருக்கும்போது கைக்கொடிகள் இரண்டாயிரம் பெட்டியில் வந்து இறங்கின. சங்கக் கூடத்தில், ஊரார் நடுவில், அவளே கத்திரிக்கோலால் பெட்டியைப் பிரித்தாள்.

பச்சை. தளதளவென்று, அன்று பறித்த கீரை மாதிரிப் பச்சை.

கூடத்தில் பியர் நுரை அடங்கும் சத்தம் கேட்டது.

"க்ளெனிஸ், என்னம்மா இது?" என்றார் நார்மன்.

"குக் தீவுகளோட நிறம். நான் என்ன பண்ணட்டும்? அந்தக் கடவுளே குடுத்தது."

"அப்ப அந்தக் கடவுளும் தவள வாசல் வழியாத்தான் வரணும்."

"யோவ், உலகத்தோட அந்தக் கோடியிலேர்ந்து வராங்கய்யா. பிர்க்ராய்டுன்னு ஒரு ஊரு இருக்கறதே அவங்களுக்குத் தெரியாது."

"குடுத்து வச்சவங்க," என்றார் நார்மன். "ஆனா பச்ச பச்சதான் கண்ணு."

அதோடு டிக்கெட் விற்பனை படுத்துவிட்டது. அறுநூற்றுப் பன்னிரண்டு. க்ளெனிஸ் வீடு வீடாகப் போனாள். அவள் மேல் இருந்த மரியாதைக்குத் தேநீர் கொடுத்தார்கள். அன்று மட்டும் நாற்பது கோப்பை. டிக்கெட் என்றதும் எல்லோருக்கும் அந்தச் சனிக்கிழமை முதுகுவலி வரப்போவதாகத் தெரிந்தது.

ஆட்டம் நடக்கும் வாரத்தின் திங்கட்கிழமை குக் தீவு அணி வந்து இறங்கியது. ஒவ்வொருவரும் அலமாரி அகலம். தலையோடு கால் பச்சை. பேருந்து வாசலில் நின்றதும் நார்மன் கையை நீட்டிவிட்டார்.

"இந்த வழி இல்ல தம்பிகளா. பின்னால."

அணியின் மேலாளர் தெரெபாய், தலையில் பூக்கிரீடத்தோடு ஒரு பெரிய மனிதர். முகம் மலர்ந்து கேட்டார்: "எங்களுக்குன்னு தனி வாசலா?"

நார்மன் ஒரு நொடி தடுமாறினார். "ஆமா... தனி வாசல்தான்."

அவ்வளவுதான். அத்தனை பேரும் வரிசையாகக் குப்பைத் தொட்டிகளுக்கு நடுவில் போய், அந்தச் சந்து வாசல் முன்னால் தொப்பியைக் கழற்றிக் கைகட்டி நின்று, தங்களை மதித்த ஊருக்கு நன்றியாக ஒரு தோத்திரப் பாட்டைப் பாடினார்கள். நான்கு குரல்கள் இழைய, அடிவயிற்றிலிருந்து. குப்பைத் தொட்டி மூடிகள் தாளம் போட்டன. மூன்று தெரு தள்ளிப் படுக்கையில் கிடந்த ஒருவர் எழுந்து உட்கார்ந்து, தான் போய்ச் சேர்ந்துவிட்டதாகவே முடிவுகட்டிவிட்டார். நார்மன் தன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

க்ளெனிஸுக்கு வெட்கம் தாங்கவில்லை. தெரெபாயைத் தனியே அழைத்து உள்ளதை உள்ளபடி சொன்னாள். அது எதிரிகளின் வாசல் என்றும் சொல்லிவிட்டாள்.

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "இதுக்கா முகத்தத் தொங்கப் போடுறீங்க அம்மா? என் பொண்டாட்டி அடுத்த கிராமம். ரெண்டு கிராமத்துக்கும் ஆட்டம்னா அன்னிக்கு எனக்குச் சோறு வாசல்லதான். நாய்க்குப் பக்கத்துல. நாய் அவங்க கிராமத்துது, அதுகூட என்னப் பாத்து முறைக்கும்."

அந்த வாரம் அவர்கள் ஊரைச் சுற்றினார்கள். பள்ளியில் பிள்ளைகளோடு ஆடினார்கள்; முதியோர் இல்லத்தில் யூகலேலே வாசித்தார்கள்; மீன் வறுவல் கடையில் பட்டாணி மசியலை வெட்டவெளிச்சமாக, மீனுக்கு மேலே ஊற்றித் தின்றார்கள். ஊர் மெல்ல இளகியது. வீட்டுக்கு விருந்துக்கு அழைக்கச் சண்டை வந்தது. ஆனாலும் புதன்கிழமை கணக்கு இரண்டாயிரத்து முந்நூறில் நின்றது. "பசங்க தங்கமான பசங்க. வேற சட்ட போட்டுட்டு ஆடுனா நாளைக்கே வரேன்," என்றார்கள்.

வியாழக்கிழமை காலை க்ளெனிஸ் ஒரு காரியம் செய்தாள். கைஒலிபெருக்கியை எடுத்துக்கொண்டு ஐம்பத்திரண்டாம் எண் பேருந்தில் ஏறி, பிர்க்ராய்ட் சந்தையில் போய் இறங்கினாள். நீலக் கழுத்துத்துணியோடு.

சந்தை அப்படியே உறைந்தது. முட்டைக்காரியின் கையிலிருந்து ஒரு டஜன் விழுந்தது.

"பிர்க்ராய்ட் மக்களே!" என்று ஆரம்பித்தாள். "சனிக்கிழமை எங்க மைதானத்துல பச்சச் சட்ட ஆடப்போகுது. எங்க ஊருக்காரங்களுக்குப் பச்சையப் பாத்தா வயித்தெரிச்சல், வரமாட்டேங்கறாங்க. உங்களுக்கும் பயமா இருந்தா வீட்லயே இருங்க, தப்பில்ல!"

இறைச்சிக் கடைக்காரர் ரோலண்ட் மிஜ்லி கத்தியோடு வெளியே வந்தார். "யாருக்குப் பயம்? ஏய் கிழவி, எங்க ஊர்ல வந்து எங்களுக்கே சவாலா?"

"கிழவியா? உன்னவிட ரெண்டு வயசு சின்னவ நான். டிக்கெட் வேணுமா, வாய்தானா?"

"ஹெக்லி மைதானத்துல நாங்க நின்னு பச்சைக்குக் கத்தலாமா? ஒருத்தரும் தடுக்க மாட்டீங்க?"

"தொண்ட கிழியக் கத்துங்க."

மிஜ்லி கத்தியைக் கீழே வைத்தார். மதியத்துக்குள் பிர்க்ராய்ட் இரண்டாயிரத்து நூறு டிக்கெட் வாங்கியது.

செய்தி க்ளெனிஸின் பேருந்துக்கு முன்னாலேயே ஹெக்லி போய்ச் சேர்ந்தது. அவள் இறங்கும்போது சங்கக் கூடத்தில் நிற்க இடமில்லை. துரோகி என்றார்கள். ஊரை விற்றுவிட்டாள் என்றார்கள். ஒருவர் அவளை ஓடைக்கு அந்தப் பக்கம் நாடுகடத்தத் தீர்மானமே கொண்டுவந்தார்; இன்னொருவர் அது மனிதத்தன்மை அற்ற தண்டனை என்று எதிர்த்தார்.

க்ளெனிஸ் வாய் திறக்கவில்லை. முப்பத்தோரு வருடம் பேருந்து ஓட்டியவளுக்கு, எங்கே பிரேக்கைத் தொடக்கூடாது என்று தெரியும்.

நார்மன்தான் எழுந்தார். முகம் பீட்ரூட் மாதிரிச் சிவந்திருந்தது.

"ஒரு நிமிஷம் நிறுத்துங்கடா! அந்தத் தவளைங்க யாருக்குக் கத்தப் போறாங்க? அந்தப் பசங்களுக்கு! அந்தப் பசங்க யாரு? நேத்து ராத்திரி என் வீட்டுல சாப்ட்டாங்க. என் பேரனுக்குப் பந்து புடிக்கச் சொல்லிக் குடுத்தாங்க. என் வீட்டுக்காரி கையால சமைச்சத ரெண்டாந்தரம் வாங்கிச் சாப்ட்டாங்க. நாப்பது வருஷத்துல நானே அதச் செஞ்சதில்ல! அவங்க நம்ம பசங்க! நம்ம பசங்களுக்குப் பிர்க்ராய்ட்காரன் கத்தி நாம வீட்ல கெடந்தோம்னா, அதவிடக் கேவலம் இருக்கா?"

கூடம் ஒரு மூச்சு இழுத்தது. பிறகு கதவு தாங்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை டிக்கெட் வரிசை மைதானத்தில் தொடங்கி, மாதா சிலையைச் சுற்றி, ஒரு சவ ஊர்வலத்தை வழிமறித்து நின்றது. துக்கக்காரர்களில் பாதிப்பேர் அப்படியே வரிசையில் சேர்ந்துகொண்டார்கள்.

சனிக்கிழமை. தோட்டக் கழகத்துக் கிழவர்கள், சொந்த மகள் கல்யாணத்துக்கே ஒரு பூ தராதவர்கள், போட்டிக்கென்று குடைபிடித்து வளர்த்த செவ்வந்திகளைக் கூடை கூடையாக அறுத்துக்கொண்டு வந்தார்கள். தெரெபாய் அவற்றை மாலையாகக் கட்டக் கற்றுக்கொடுத்தார். பச்சைச் சட்டைகள் முன் வாசலுக்கு வந்தன. நார்மன் கதவின் இரண்டு பக்கத்தையும் திறந்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். பின்னாலேயே நுழையப் பார்த்த மிஜ்லியை மட்டும் சட்டைக் காலரில் பிடித்தார்.

"நீ எங்க போற? உனக்குப் பின்னால."

"நானும் பச்சதான?"

"அது விருந்தாளிப் பச்ச. நீ தவளப் பச்ச."

மேற்குப் படிகளில் பிர்க்ராய்ட், கிழக்குப் படிகளில் ஹெக்லி. இரண்டு ஊரும் ஒரே அணிக்குக் கத்தின. வரலாற்றில் முதல் முறை. ஆனால் சேர்ந்து அல்ல, ஒருவரை ஒருவர் அமுக்க. அவர்கள் ஒரு கத்துக் கத்தினால் இவர்கள் ஒன்றரை. தெற்குப் பக்கம் கேட்டரிக் படைமுகாமிலிருந்து இரண்டு பேருந்தில் வந்திருந்த, பிரிட்டிஷ் படையில் இருக்கும் ஃபிஜி நாட்டுச் சிப்பாய்கள், இந்தப் பைத்தியக்காரர்களைப் பார்த்துத் திகைத்து, பிறகு அவர்களும் பாட ஆரம்பித்தார்கள். புறாக்கள் எல்லாம் அடுத்த மாவட்டத்துக்குக் குடிபெயர்ந்தன. குக் தீவின் ஓர ஆட்டக்காரன் கடைசிக் கோட்டில் பந்தோடு பாய்ந்து விழுந்து புள்ளி எடுத்தபோது, கிழக்குப் படிகள் அரை அடி தாழ்ந்துபோனதாக இன்றைக்கும் சத்தியம் செய்பவர்கள் உண்டு.

ஆட்டம் முடிய ஐந்து நிமிடம். குக் தீவுகள் இரண்டு புள்ளி பின்னால். ஒலிபெருக்கி அறையில் க்ளெனிஸின் கைக்கு ஒரு துண்டுச் சீட்டு வந்தது. பிரித்தாள். படித்தாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தாள். வாழ்நாளில் முதல் முறையாக அவளுக்குக் குரல் எழும்பவில்லை.

நார்மன் மாலையோடு அறை வாசலில் நின்றிருந்தார். "என்ன கண்ணு, எண்ணிக்கையா? சொல்லித் தொலையேன்."

அவள் பொத்தானை அழுத்தினாள்.

"இன்னிக்கு... ஹெக்லி மைதானத்துக்கு வந்தவங்க..." ஒலிவாங்கியை வாய்க்குக் கிட்டே இழுத்தாள். "எட்டாயிரத்து நூத்தி நாலு பேர்!"

எழுந்த சத்தத்தில் மேற்கு எது, கிழக்கு எது என்று தெரியவில்லை. ஆடுகளத்தில் இரண்டு அணிகளுமே ஒரு நொடி நின்று அண்ணாந்து பார்த்தன.

"ரெண்டாயிரத்து நூறு தவள போக," என்றார் நார்மன், விரல் விட்டுக் கணக்குப் பார்த்து, "அப்பவும் ஆறாயிரத்துக்கு மேல. நம்ம ஆளுங்க மட்டுமே." சிப்பாய்களை அவர் வசதியாக மறந்துவிட்டார். பிறகு ஹெக்லியில் ஒருவர் இன்னொருவருக்குத் தரக்கூடிய ஆகப்பெரிய பாராட்டைத் தந்தார்.

"மோசமில்ல, க்ளெனிஸ்."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். பொத்தானிலிருந்து கையை எடுக்க மறந்து, மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். அது மைதானம் தாண்டி, ஓடை தாண்டி, பிர்க்ராய்ட் சந்தை வரைக்கும் போனது. அங்கே கேட்க ஆள் யாரும் இல்லை. எல்லோரும் ஹெக்லியில் இருந்தார்கள்.