இறங்காத முள்

ஆண்டர்சன்பேட்டையில் கோழி கூவுவதற்குள் தம்மபாலன் பூமிக்கடியில் போய்ச் சேர்ந்துவிட்டான். முதல் கூண்டில் இறங்கி, லெவல் என்கிற கிடைப்பாதையில் குனிந்து நடந்து, தங்கச் சுரங்கத்தின் கடைசி முனையைத் தொடுவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அந்த ஆழத்தில் பாறையே சுடும். கையை வைத்தால் அடுப்பில் காய்ந்த தோசைக்கல்தான்.

தம்மபாலன் கைக்கு அந்தச் சூடு தெரியாது. டிரில் மெஷினைப் பிடித்துப் பிடித்து விரல்கள் மரத்துப் போயிருந்தன. டீ கிளாஸின் சூடும் தெரியாது, சோற்றின் சூடும் தெரியாது. "விரலுதான் மரத்துச்சா, இல்ல ஆளே மரத்துட்டியா?" என்று அவன் மனைவி ஜானகி கேட்பாள்.

"இன்னாண்ணா, இன்னிக்காவது காத்து வருமா?" கூட்டாளி சுந்தரராஜ் மெஷினைத் தூக்கி நிறுத்தினான். "இல்ல, நான் வாயால ஊதட்டுமா?"

"ஊது. பைப்புல வர்றத விட ஜாஸ்தியா வரும்."

அவர்களுடைய மெஷினுக்குக் காற்றுதான் தீனி. மேலே கம்ப்ரெஸர் ஹவுஸில் அழுத்திய காற்று, இரும்புக் குழாயில் ஷாப்ட் என்கிற செங்குத்துக் குழி வழியே இறங்கி, லெவல் லெவலாகப் பிரிந்து, ரப்பர் ஓஸ் வழியாக மெஷினுக்குள் நுழையும். மெஷினைத் தாங்கி முன்னே தள்ளுகிற இரும்புக் காலும் அதே காற்றில்தான் நிற்கும். அதை 'லெக்கு' என்பார்கள்.

பாறைக்குள் ஓடும் தங்கக் கொடி ஷாப்டுக்குப் பக்கத்தில் இருந்த காலத்தில் காற்று சீறிக்கொண்டு வந்தது. கொடி விலகி விலகிப் போயிற்று. ஆட்களும் பின்னாலேயே போனார்கள். ஒல்லிக் குழாயின் வாலில் இன்னொரு ஒல்லிக் குழாய், அதன் வாலில் மற்றொன்று என்று கம்பெனி பூட்டிக்கொண்டே போனது. இப்போது கடைசி முனையில் மெஷின் காசநோய்க்காரன் மாதிரி இருமியது. எத்தனை அடி துளைத்தார்களோ அதற்குத்தான் கூலி. காற்று குறைந்தால் அடி குறையும், அடி குறைந்தால் அடுப்பு குறையும். அரிசிக்கு ரேஷன் வரிசை தெருவைத் தாண்டி நின்ற வருடம் அது.

லாந்தர் ஆட, சுரங்க அதிகாரியான கேப்டன் வந்தார். வெள்ளைக்காரன் போய் எத்தனையோ வருடமாகியும் கேப்டனைத் 'தொரை' என்று கூப்பிடும் பழக்கம் மட்டும் போகவில்லை. முனைக்குப் பக்கத்தில் குழாயில் காற்றின் அழுத்தம் காட்டும் மீட்டர் ஒன்று உண்டு. மெஷின் எதுவும் ஓடத் தொடங்காத அந்த நேரத்தில்தான் அவர் தினமும் அதைப் பார்ப்பார்.

"முள்ளு ஃபுல்லா நிக்குது. அப்புறம் காத்து இல்ல, காத்து இல்லன்னு என்ன பாட்டு?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்து, மேல் லெவல்களிலும் பக்கத்துச் செட்டு ஆட்கள் கையிலும் மெஷின்கள் உறுமத் தொடங்கியதும் முள் நடுங்கிச் சரிந்து பாதிக்கும் கீழே படுத்துக்கொண்டது. வழக்கம்போல.

அன்று வழக்கமில்லாத ஒன்றும் நடந்தது. சுந்தரராஜ் லெக்கைப் பிடித்திருக்க, தம்மபாலன் தலைக்கு மேல் பாறையைக் குடைந்துகொண்டிருந்தான். திடீரென்று காற்று செத்தது. லெக்கு மடங்கியது. மெஷின் அப்படியே சரிந்து சுந்தரராஜின் பாதத்தின் மேல் விழுந்தது. அலறல்கூட உடனே வரவில்லை. தம்மபாலன் மெஷினைப் புரட்டிப் போட்டான். ரத்தம் கையில் வழிந்தது. அது சூடாக இருந்திருக்கும். அவனுக்குத் தெரியவில்லை.

மத்தியானம் கேப்டன் ஆபீஸில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"காலையில நானே மீட்டர் பாத்தேன். ஃபுல்."

"மெஷின் ஓடாதப்போ ஃபுல்லாத்தான் நிக்கும் தொரை. ஓடச்சொல்லோ வந்து பாருங்க."

கேப்டன் சிரித்தார். "எனக்குத் தெரியாதா தம்மபாலா? நிக்கிற காத்து உரசாது. ஓடுற காத்து குழாயை உரசிக்கிட்டே ஓடும். உரச உரச அழுத்தம் கரையும். கரைஞ்சா காத்து விரியும், விரிஞ்சா இன்னும் வேகமா ஓடும், இன்னும் உரசும். குழாய் அவ்வளவு நீளமாயிட்டா, வால்வை எவ்வளவு திறந்தாலும் வர்றதுதான் வரும். இதுக்குத்தானே நான் பரீட்சை எழுதினேன்."

"தெரிஞ்சா பெரிய பைப்பு போடுறதுதானே?"

"பைப்பு மேல தப்புன்னு எழுதினா மேலிடம் ஒத்துக்காது. ஆள் மேல தப்புன்னா உடனே ஒத்துக்கும்." அவர் முன்னால் சாய்ந்தார். "உங்க லெவல்லயே ஷாப்டை ஒட்டி வேலை செய்யுற சம்பங்கி செட்டு ஓஸைத் திறந்துவிட்டு உடம்புக்குக் காத்து வாங்கியிருக்கு. அதனாலதான் உங்க லெக்கு மடங்கிச்சு. நாளைக்கு விசாரணையில அதைச் சொல்லு. சுந்தரராஜுக்குத் தரைமேல உட்கார்ந்து பாக்கிற வேலை கிடைக்கும், இருக்கிற வீடும் நிலைக்கும்."

"சொல்லலன்னா?"

"அவன் கவனக்குறைவு. நொண்டிக்குக் கம்பெனி வீடு எதுக்கு?"

கோபம் வரவேண்டிய இடம் அது. தம்மபாலன் காத்திருந்தான். வரவில்லை. "சரி தொரை" என்றான். எதற்குச் சரி என்று அவனுக்கே தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் சுந்தரராஜ் விழித்துக்கொண்டுதான் கிடந்தான். காலில் போட்ட கட்டின் முனையில் பாதம் இருக்கவேண்டிய இடம் தட்டையாக இருந்தது. அவன் மனைவி லூயிசா கட்டில் காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். தம்மபாலன் கேப்டன் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னான், வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல.

சொல்லி முடிப்பதற்குள் வாசலில் சம்பங்கி நின்றான். ஷாப்டை ஒட்டிய செட்டின் தலைவன், பெரிய உருவம். தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துக் கையில் சுருட்டி வைத்திருந்தான்.

"ஓஸைத் தொறந்தது நான்தான்" என்றான். "எங்க செட்டு முனியப்பன் சூட்டுல சுருண்டு விழுந்துட்டான். கண்ணு சொருகிப்போச்சி. சட்டைக்குள்ள காத்த வுட்டேன். அப்புறம்தான் மூச்சே வந்துது."

காற்றுக் குளியல் என்று அதற்குப் பெயர். ரூல்படி கூடாது. ஆனால் சூடு தாங்காத நேரத்தில் அதைச் செய்யாதவன் அந்தச் சுரங்கத்தில் ஒருவனும் இல்லை, தம்மபாலன் உட்பட. கடைசி முனைக்கு வந்த பிறகு, குளிக்கக் காற்று இல்லாததால் விட்டிருந்தான்.

"என் பேரைச் சொல்லிடுங்கண்ணா" என்றான் சம்பங்கி. "நான் போயிடறேன். இவன் வீடாவது நிக்கட்டும்."

லூயிசா நிமிர்ந்தாள்.

"உன் பேரைச் சொன்னா பைப்பு பெருசாயிடுமா?"

"இல்லக்கா..."

"அப்போ நாளைக்கு அந்த மெஷினு யார் கால்ல வுழும்? இவரு கால்லயா?" தம்மபாலனைக் காட்டினாள். "நீ முனியப்பனைச் சாகவுட்டிருந்தா நல்லவனா? கம்பெனிக்காரங்க காத்த ஒல்லிக் கொழாயில அனுப்பிட்டு, ஒருத்தன் மூச்சுக்கு இன்னொருத்தன் கால வெலையா கேக்குறாங்க. நாம உக்காந்து பேரு சொல்லிக்கினு இருக்கோம்."

கட்டிலிலிருந்து சுந்தரராஜ் மெல்லச் சொன்னான்: "மெஷினு ஓடச்சொல்லோ தொரை மீட்டரைப் பாக்கணும். பாத்து, பெரிய பைப்பு போடுறேன்னு சொல்லணும். அதுவரைக்கும் நம்ம லெவல்ல யாரும் காத்தத் தொடாதீங்க. எந்தச் செட்டும்."

"நம்ம லெவலு நிக்கும்" என்றான் சம்பங்கி. "மேல் லெவல்காரனுங்க? அவனுங்களுக்குக் காத்து கொழுத்துப்போயி கெடக்குதே. அவனுங்களுக்கு இன்னா தலவிதி?"

"கேட்டாத்தானே தெரியும்" என்றாள் லூயிசா.

அன்று சாயங்காலம் சேதி, தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் பரவியது. ரேஷன் வரிசையில், தெருக்குழாயடியில், கூண்டுக்குக் காத்து நின்ற கூட்டத்தில் அது காதுக்குக் காது போயிற்று. மேல் லெவல்காரர்கள் கேட்டுக்கொண்டார்கள். "பாக்கலாம்" என்றார்கள். அதற்கு மேல் யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

மறுநாள் விடிவதற்குள் அந்த லெவல் ஆட்கள் எல்லோரும் இறங்கினார்கள். மெஷின்களைத் தரையில் படுக்கவைத்து, ஓஸ் வால்வு ஒவ்வொன்றையும் இறுக்கி மூடினார்கள். சம்பங்கி தன் செட்டைக் கடைசி முனைக்கே நடத்திக்கொண்டு வந்திருந்தான். ஈரத்துண்டோடு முனியப்பனும் வந்து உட்கார்ந்தான்.

"இன்னிக்குக் குளியலும் கெடையாதுடா மாப்ளே."

"இன்னிக்கு நான் வுழ மாட்டேன். வுழுந்தா ரெண்டு அறை குடு, போதும்."

சிலர் சிரித்தார்கள். வியர்வை கொட்டியது. மீட்டரில் முள் ஃபுல்லில் நின்றது. அதில் ஆறுதல் எதுவும் இல்லை. இந்த நேரத்தில் தினமும் அங்கேதான் நிற்கும். மேல் லெவல் மெஷின்கள் தொடங்கட்டும். இவர்கள் எடுக்காவிட்டாலும், அந்த இழுப்பில் முள் இறங்கும். இறங்கினால் இந்த லெவல் தனி. தனியாக நிற்பவர்களை வீட்டுக்கு அனுப்ப ஒரு மத்தியானம் போதும்.

தொடங்கும் நேரம் வந்தது. எல்லாக் கண்களும் அந்த முள்ளின் மேல். தம்மபாலன் குழாயைத் தொட்டான். மேலே எங்கே காற்று ஓடினாலும் குழாய் இங்கே வரை அதிரும். அவன் விரலுக்கு அது தெரியாது. "சம்பங்கி, நீ தொட்டுச் சொல்லு."

சம்பங்கி உள்ளங்கையை வைத்தான். "ஒண்ணும் இல்லண்ணா."

தம்மபாலன் நம்பவில்லை. குனிந்து கன்னத்தைக் குழாயில் வைத்தான். சூடேறிய இரும்பு. அதற்குள் ஓட்டமில்லை, உரசலில்லை. மேலே லெவல் லெவலாக யார் யாரோ, அவன் முகம் பார்த்திராதவர்கள், கொழுத்த காற்றை வைத்துக்கொண்டு வால்வை மூடிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

முள் இறங்கவில்லை.

தூரத்தில் கேப்டனின் லாந்தர் ஓட்டமும் நடையுமாக வந்தது. ஆட்களைப் பார்த்தார், படுத்துக் கிடந்த மெஷின்களைப் பார்த்தார். பழக்கதோஷத்தில் மீட்டரையும் பார்த்தார். கண்ணாடியை விரலால் தட்டினார். மறுபடியும் தட்டினார்.

பைப்பு வருமா, சுந்தரராஜின் வீடு நிலைக்குமா, எதுவும் யாருக்கும் தெரியாது. தம்மபாலன் குழாயிலிருந்து முகத்தை எடுத்தான். கன்னம் சுட்டது. அந்தச் சூடு அவனுக்கு நன்றாகத் தெரிந்தது.

"ஃபுல்லாத்தான் நிக்குது தொரை" என்றான். "எறங்குறதைப் பாக்கணும்னா, உக்காருங்க. பேசலாம்."

சம்பங்கி நகர்ந்து அவருக்கு இடம் விட்டான்.