மேல்பலகைப் பேச்சு

ஹில்லா அலசாத இணையதளம் இல்லை, எழுதாத திறனறித் தேர்வு இல்லை. வேதிப்பொறியியலில் மூன்று வருஷம் ஓடிவிட்டது. இதிலேயே தொடர்வதா, துறை மாறுவதா என்று இந்த வாரத்துக்குள் முடிவு செய்தாக வேண்டும். வெள்ளிக்கிழமையோடு விண்ணப்பம் முடிகிறது. அதற்காகத்தான் ஔலு பல்கலைக்கழகத்துக் கூட்டாளிகளோடு பஸ் ஏறி இந்தக் காகிதக்கூழ் ஆலையைப் பார்க்க வந்திருந்தாள்.

வந்தவர்களிடம் மேலாளர் மெர்வி பேசினார். பழம் தின்று கொட்டை போட்ட மனுஷி. "இந்த வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். தினமும் ஆசையா எழுந்து வர்றேன்" என்று, இழவுச் செய்தி வாசிப்பதுபோலத் தாளைப் பார்த்து வாசித்தார்.

பிறகு சௌனா. ஆலையைச் சுற்றிக் காட்டியவர்கள் நீராவிக் குளியல் போடவைக்காமலா அனுப்புவார்கள்? அந்த ஊர் வழக்கம் அது. பெண்களின் முறை வந்ததும் ஹில்லா கண்ணாடியையும் உடுப்பையும் கழற்றிவைத்துவிட்டு, தோழி வில்மாவோடு நீராவி அறையின் மேல்பலகையில் ஏறி உட்கார்ந்தாள். அரையிருட்டு. மறுபக்கம் யாரோ ஒரு அம்மாள்.

நுணலும் தன் வாயால் கெடும்.

"அந்த மேனேஜரம்மா என்னமா புளுகுது பாத்தியா! இந்தக் கூழ் நாத்தத்துக்கு ஆசையா எழுந்து வருதாம். யாரு காதுல பூ சுத்துது?"

வில்மா அவள் தொடையைக் கிள்ளினாள். அந்த அம்மாள் அகப்பையில் தண்ணீர் மொண்டு சூடான கல்லில் ஊற்றினார். சுர்ரென்று ஆவி எழுந்தது.

"நெஜமாத்தான் சொன்னேன்" என்றார் மெர்வி.

ஐயோ! பலகை பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது ஹில்லாவுக்கு.

"நாலு பேர் முன்னாடி 'எனக்கு இது பிடிக்கும்'னு சொல்லவே கூச்சமா இருக்கும்மா. அதான் எழுதி வச்சுப் படிச்சேன்" என்றார் மெர்வி. பிறகு அவராகவே பேச ஆரம்பித்தார். "கொதிகலன் சத்தம் துளி மாறினாலும் எனக்குத் தெரிஞ்சிடும். லீவுல போனா அந்த நாத்தத்துக்கே ஏங்கிடுவேன், எங்க வீட்டுக்காரர் சிரிப்பார். கூழ் வெள்ளையா இறங்கி வர்றப்ப பாக்கணுமே, அடடா!" வேர்த்து வழிந்த அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

பொய்யென்று நினைத்ததெல்லாம் சத்தியம். வேலை பிடிக்கிறது என்றால் இப்படித்தான் இருக்குமா? தனக்கு ஒருநாளாவது இப்படி இருந்ததுண்டா? ஹில்லா மெர்வி பக்கம் திரும்பினாள்.

"மன்னிச்சிடுங்க..."

"அட, விடு. இங்க பேசினது கதவைத் தாண்டாது. உனக்கு இந்தப் படிப்புல எது பிடிக்கும்?"

ஹில்லா யோசித்துப் பார்த்தாள்.

"ஒண்ணுமே பிடிக்கல" என்றாள். சொன்னதும் அழுகை பீறிட்டது. "எனக்குச் சின்னக் குழந்தைங்களோட இருக்கணும். பாலர் பள்ளி டீச்சராகணும்."

"அது தெரிஞ்சதுதானே" என்றாள் வில்மா சாவகாசமாக.

"என்னது?"

"முதல் வருஷமே தெரியும். லேப்ல உயிரே இல்லாம நிப்ப. கோடையில குழந்தைங்க காப்பகத்துல வேலை பாத்துட்டு வந்தப்போ, மாசக்கணக்கா வாயே மூடலையே நீ."

"அடிப்பாவி! மூணு வருஷம்டி! ஏண்டி ஒரு வார்த்தை சொல்லல?"

வில்மா திகைத்துப்போய் அவளைப் பார்த்தாள்.

"நீ கேக்கவே இல்லையே."