எல்லா உடம்புக்கும் ஒரே மூக்கு

நான் கைக்குழந்தையாக இருந்தபோது கட்டட வேலையில் சாரம் சரிந்து அப்பா செத்துப்போனார். அவருக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. முகம் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு ஓவியர் வீடு கட்டியபோது, அங்கே கலவை சுமந்த அப்பாவைச் சட்டியோடு வெயிலில் நிறுத்தி வரைந்தாராம். அந்த ஓவியரின் வாழ்நாள் படங்களையெல்லாம் திரட்டிப் பெரிய கண்காட்சி வைத்திருப்பதாகப் பேப்பரில் போட்டிருந்தார்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். இவர்தான் அப்பா என்று காட்ட வேறு ஆள் இல்லை.

உள்ளே ஏசி குளிர் எலும்பைத் தொட்டது. இழவு வீட்டில் பேசுவதைப்போல எல்லாரும் குசுகுசுத்தார்கள். சுவரெல்லாம் உழைப்பாளிகள். மூட்டை தூக்குகிறவன், தார் ஊற்றுகிறவன், சாக்கடைக்குள் இறங்குகிறவன். பார்க்க வந்தவர்கள்மேல் சென்ட் மணத்தது.

முதல் அறையைத் தாண்டுமுன் அம்மா நின்றுவிட்டாள்.

"ஏன்டி, இவனுங்க எல்லாம் அண்ணன் தம்பியா?"

"ஏம்மா?"

"எல்லாவனுக்கும் ஒரே மூக்கு."

உண்மைதான். நீள மூக்கு, ஏறிய நெற்றி, பாதி மூடிய கண். அதே முகம்தான் வாசலில் ஆளுயர பேனரிலும் சிரித்துக்கொண்டிருந்தது. ஓவியரின் முகம்.

விளக்கம் சொல்லும் பெண் பக்கத்தில் ஒரு கூட்டத்தை நிறுத்தி வைத்திருந்தாள். "ஒவ்வொரு உழைப்பாளிக்கும் அவர் தன் முகத்தையே குடுத்திருக்கார். அவங்க பாரத்தைத் தானே ஏத்துக்கிட்டார்." கூட்டம் உச்சுக் கொட்டியது.

"சட்டிய ஏத்திக்கலயே" என்றாள் அம்மா, சத்தமாகவே.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவுக்கும் இதே மூக்குதானா? அறை அறையாக ஓடினேன்.

கடைசி அறையில், கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் அப்பா இருந்தார். அம்மாவுக்குக் கால் கட்டைவிரலே போதும். "இதோ, கல்லு விழுந்து நசுங்கின வெரலு. தோளு ஒரு பக்கம் எறங்கியிருக்கு பாரு. உங்கப்பன்தான்."

மேலே பார்த்தேன். சட்டிக்கு அடியில் ஓவியர் இருந்தார். நன்றாகச் சாப்பிட்டுவிட்டுச் சாயப் போகிறவர்போல.

"மூஞ்சி இல்லியேம்மா."

அம்மா என்னைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். "உனக்கு அவன் மூஞ்சிதான்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன். நீ எங்க நம்புன?" என் தோளைப் பிடித்துத் தள்ளினாள். "இங்க நில்லு. இன்னும் கொஞ்சம் எடப்பக்கம். குனியாத, நிமிரு."

கண்ணாடியில் என் முகம் விழுந்தது. ஓவியரின் நீள மூக்கின்மேல் என் சப்பை மூக்கு. அவர் கண்மேல் என் கண். கீழே அந்த இறங்கிய தோள். அசைந்தால் போய்விடும் என்று மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

"மீச ஒண்ணுதான் பாக்கி" என்றாள் அம்மா. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கூட்டம் கூடிவிட்டது. யாரோ செல்போனை நீட்டினார்கள். ஓவியரே வந்துவிட்டார்.

"அடடா! பாக்கறவங்க படத்துக்குள்ள வரணும்னுதான் கண்ணாடியே போடச் சொன்னேன்."

"தூசி படும்னுதானே சார் போடச் சொன்னீங்க?" என்றார் காவலாளி.

அதைக் காதில் வாங்காமல் ஓவியர் எனக்குப் பின்னால் வந்து நின்று, செல்போன்களைப் பார்த்துச் சிரித்தார். கண்ணாடியில் என் காதோரம் அந்த நீள மூக்கு முளைத்தது.

அம்மா திரும்பினாள்.

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. இப்பதான் என் வீட்டுக்காரர உள்ள கொண்டாந்தேன். அதுக்குள்ள மறுபடியும் உங்க மூஞ்சியா?"