முந்நூறு மணப்பெண்களும் ஒரு பொட்டும்

முஹ்ஸினா என் ஃபைலைப் புரட்டி முடிப்பதற்குள் அவளுடைய தேத்தண்ணி ஆறிப்போனது. ஈப்போவில் அவள் அத்தாவின் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தோம்.

"புனிதாக்கா, முந்நூறு பொண்ணு இருக்கு. ஒரு படத்துலகூட நீங்க இல்லையே."

பதினோரு வருடமாக நான் மணப்பெண் அலங்காரம் செய்கிறேன். வகுப்புக்குப் போகாமல், செய்த வேலையைக் காட்டியே மலேசியத் திறன் சான்றிதழ் வாங்கலாம். அது கையில் இருந்தால்தான் பயிற்சி மையத்தில் என்னை ஆசிரியையாக எடுப்பார்கள். சான்றுகளைச் சரிபார்ப்பவள் முஹ்ஸினா. நான் வேலை செய்வது படத்தில் தெரிய வேண்டுமாம்: என் முகம், என் கை, உண்மையான வாடிக்கையாளர்.

"அடுத்த கல்யாணத்துக்கு நானே வாரேன். பவுண்டேஷன்லேர்ந்து பொட்டு வரைக்கும் எடுத்துருவோம். முப்பதாம் தேதி கடைசி லா."

சரி என்று சொல்லிவிட்டேன். வாய்க்கென்ன, எதையும் சொல்லும். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகுதான் இந்தத் தொழிலுக்கே வந்தேன். மை முதல் ஜடை வரை நான் செய்வேன். பொட்டை மட்டும் சுமங்கலி வைக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் கேமராக்காரரும் வருவார், நான் வெளியே போய்விடுவேன். முதல் கல்யாணத்தில் ஒருத்தி சாடையாகச் சொன்னாள். அப்புறம் யாரும் சொல்லும்படி நான் வைத்துக்கொள்ளவில்லை. பெரிய ரோஷக்காரி.

அன்று மத்தியானம் படங்களைத் தரையில் பரப்பி வைத்துப் பார்த்தபடியே தூங்கிப்போனேன். நான் பிறந்த சுங்காய்த் தோட்டம் வந்தது. அங்கே இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனைதான். கனவில் ரப்பர் மரங்கள் திரும்பி வந்து நின்றன. நிரை நிரையாக என் பெண்கள் நடந்து வந்தார்கள். நான் எழுதிய கண், நான் பின்னிய ஜடை, நெற்றி மட்டும் வெறுமை. ஒவ்வொருத்தியாக என் முன்னால் நின்று முகத்தை நீட்டினாள். என் விரலில் குங்குமம் இருந்தது. கை எழவில்லை. விழித்தபோது தலையணை நனைந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஈப்போவுக்குப் பக்கத்தில் லகாட்டில் ஷர்மினியின் கல்யாணம். விடிந்தும் மலைகளைக் காணவில்லை. பனியில் அந்த வீடே மிதப்பதுபோல் இருந்தது. முஹ்ஸினா போனோடு என்னைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கண், உதடு, ஜடை, பூ எல்லாம் படமாயின. குங்குமச் சிமிழைத் திறந்தேன். நான் வைக்கட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குள் பெண்ணின் அத்தை வந்து கையை நீட்டினாள். கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டேன்.

அங்கே ஷர்மினியின் அம்மா வெறும் நெற்றியோடு தம்ளர் கழுவிக்கொண்டிருந்தார். பாப்பா என்று பெயர், அவரும் என்னைப் போல வீட்டுக்காரரை இழந்தவர். உள்ளே மகளுக்குப் பொட்டு வைக்கிறார்கள், பெற்றவர் இங்கே நிற்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மீதா என் மீதா, தெரியவில்லை.

முஹ்ஸினா பின்னாலேயே வந்தாள். "என்னக்கா, அவங்ககிட்ட குடுத்துட்டிங்க? அது ஒண்ணுதானே பாக்கி."

பாப்பா என்ன விஷயம் என்று கேட்டார். ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"கல்யாணப் பொண்ணுக்குத்தான் வைக்கணும்னு போட்டிருக்கா?"

முஹ்ஸினா சான்றிதழ் விதிகள் இருந்த தாளைப் பார்த்தாள். "வாடிக்கையாளருக்குன்னுதான் இருக்கு."

"பொண்ணோட அம்மாவுக்கும் சேத்துத்தானே இவங்க பேக்கேஜ். நான்தான் வேணாம்னேன்." பாப்பா பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கனவில் வந்தவர்களைப் போலவே முகத்தை நீட்டினார். "போடுங்க புனிதா. பொட்டு வரைக்கும்."

பெட்டியில் இன்னொரு சிமிழ் இருந்தது. எல்லாம் முடிந்து குங்குமத்தைத் தொட்டேன். அவர் கண்களை மூடிக்கொண்டார். முஹ்ஸினா போனைத் தூக்கினாள். அதைக் கண்டதும் என் கால் தானாகப் பின்னால் நகர்ந்தது.

பாப்பா கண்ணைத் திறக்காமலே என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க போறிங்க? நில்லுங்க லா."