டிசம்பர் மாதத் தண்ணீர்

மஹய்யாவயில் வசித்த தவமணிக்குக் கண்டி ஆய்வுகூடம் ஒன்றில் வேலை. திருகோணமலைக் கடலில் மாதந்தோறும் எடுக்கும் நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை நுணுக்குக்காட்டியில் பார்த்து எண்ணுவாள். நீரை எடுத்து அனுப்பியவன் அங்கே படகுவேலைக்குப் போயிருந்த அவள் தம்பி மோகன்ராஜ். 2004 டிசம்பரில் போத்தல்களைப் பஸ்ஸில் ஏற்றிவிட்ட மூன்றாம் நாள், சுனாமி அவனைப் படகோடு கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை.

இரண்டு கிழமை கழித்து வேலைக்கு வந்த தவமணி, தம்பி அனுப்பிய போத்தல்களில் ஒன்றைத் திறந்தாள்.

“இந்த மாசத்த விடுங்க, தவமணி,” என்றார் பொறுப்பாளர் ஹபீல்.

“விட்டா கணக்குல ஒரு மாசம் கொறஞ்சி போகும், சேர்.”

கண்ணாடித் தகட்டில் பாசித் துகள்கள் மங்கிய பச்சையாகக் கிடந்தன. இவற்றைச் சிற்றுயிர்கள் தின்னும், அவற்றை மீன்குஞ்சுகள் தின்னும். கடலின் சாப்பாடெல்லாம் இங்கேதான் தொடங்குகிறது. தம்பியும் இப்போது அந்தக் கடலில்தான் என்று நினைத்தாள். அழுகை வரவில்லை. எண்ணிக்கொண்டே போனாள்.

மாலையில் எண்ணிக்கை எழுதிய தாளைக் கொடுத்துவிட்டு, “அடுத்த தண்ணிய யாரு எடுப்பா?” என்று கேட்டாள்.

ஜனவரிக் கடைசியில் அவளே திருகோணமலைக்குப் போனாள். அதுவரை அவள் படகேறியதில்லை. விளிம்பைப் பிடித்துக்கொண்டு, நுண்ணுயிர்களை வடித்தெடுக்கும் வலையை இறக்கினாள். பயம்கூட வரவில்லை. போத்தல்கள் நிறைந்ததும் மூடிகளை இறுக்கித் திகதியை எழுதி ஒட்டினாள்.