வாசல் இல்லாத வீடு

1996 தை மாதத்திலிருந்து கிருஷ்ணவேணி வாடகைக்குக் கேட்டுப் போன எந்த வீட்டுக்கும் வாசல் இருந்ததில்லை. தெருமுனையில் நின்று பார்த்தால் கதவும் கோலமும் சரியாகத்தான் தெரியும். அவள் கிட்டே போனதும் வெறும் சுவர் நிற்கும். பிள்ளையார்பாளையத்தில் இதைப் பார்க்காதவர்கள் கிடையாது. காலி செய்யச் சொல்லி வழக்கு வாங்கியவள், அப்படித்தான் ஆகும் என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

வழக்குப் போட்டவர் வீட்டுக்காரர் துரைக்கண்ணு. தறிக்கு மேலே ஓடு ஒழுகுகிறது, பட்டு நனைகிறது, மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டதுதான் அவள் செய்த குற்றம். கோர்ட்டில் மனுப் போட்டார். வாடகையை ஏற்றிக் கொடுத்ததும் வாபஸ் வாங்கினார். அதில் ருசி கண்ட பூனையாகிவிட்டார் மனிதர். அவள் புருஷன் குமாரவேல் தறியில் புதுப் பாவு, அதாவது மூன்று புடவைக்கான நீள இழை, பிணைக்கும்வரை காத்திருப்பார், மறுநாளே மனு. ஏற்றிய பாவில் மூன்று புடவையும் நெய்து இறக்காமல் தறியைப் பிரித்துக் கிளப்ப முடியாது. நடுவில் அறுத்தால் பட்டு கொடுத்த முதலாளி அப்புறம் வாசலில் சேர்க்கமாட்டார். இதெல்லாம் துரைக்கண்ணுவுக்கு அத்துப்படி, அவரும் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைதானே.

"பாவு ஓடிக்கினு இருக்குதே ஐயா, இப்ப எங்க போறது?" என்று கேட்பாள்.

"நானாம்மா போவச் சொல்றேன்? கோர்ட்டுல கேக்கறாங்க" என்பார், வெற்றிலையை மென்றுகொண்டே.

வருஷங்கள் ஓடின. ஐயம்பேட்டை, தாமல் வரைக்கும் போய்ப் பார்த்தாள்; அங்கேயும் சுவர்தான். ஒரு வழக்கிலும் அவள் தோற்கவில்லை, எல்லாம் வாபஸ் ஆனவை. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

2004 ஐப்பசி மழையில் மறுபடியும் மனு வந்தது. "அறுத்துப் போடுய்யா. மரத்தடியில குந்திக்கினு கூழு குடிச்சாலும் சரி, இந்த ஊட்டுல இனிமே இருக்க மாட்டேன்" என்றாள். குமாரவேல் அழுதுகொண்டே பாவை அறுத்தான். பாய், பாத்திரம் எல்லாவற்றையும் மூட்டை கட்டித் தூக்கிக்கொண்டு வெளியேறத் திரும்பினார்கள். வாசல் இருந்த இடத்தில் சுவர் இருந்தது.

அக்கம்பக்கத்தார் அரிசியையும் மண்ணெண்ணெயையும் ஜன்னல் வழியாகக் கொடுத்துப் பழகிக்கொண்டார்கள். வேறொரு முதலாளி பாவும் கொடுத்தார். எங்கேயும் ஓடிப்போக முடியாத நெசவாளி யாருக்குக் கிடைப்பான்? துரைக்கண்ணு வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். இப்படிப்பட்ட வீட்டில் திருட்டுப் பயமே இல்லை என்று சொல்லி வாடகையை ஏற்றினார். கிருஷ்ணவேணி ஜன்னல் கம்பிக்கு நடுவே கையை நீட்டிக் கொடுத்தாள்.